பென்டிரைவில் முடங்கும் திட்டப்பணிகள்: கணினித்துறைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் கலை, அறிவியல் கல்லூரிகளிலும் கணினித்துறைப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும், இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்கான இரண்டு சிறிய கட்டற்ற (எவரும் நிரலைப் படித்து, மாற்றி, பகிரக்கூடிய) செயலிகளை எழுதிப் பராமரித்து வருகிறேன். அதை அறிந்த சில கல்லூரிகள் திட்டப்பணிக் கண்காட்சிகளுக்கு என்னை நடுவராக அழைப்பதுண்டு. அங்கே கண்டவற்றையும், என் செயலிகளை வெளியிட்டபோது பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்து உங்கள்முன் ஒரு கோரிக்கையை எழுப்புகிறேன். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான மதிப்பெண்ணில் பாதியையாவது, மாணவர் தம் செயலியைப் பிறர் பயன்படுத்தும்படி முறையாக வெளியிட்டு ஒரு பருவம் பராமரித்ததற்காக ஒதுக்குங்கள். அதற்குத் தோதான வடிவமாக, லினக்ஸ் மேசைக்கணினிக்கான சிறு செயலியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் நான்கு மாணவர்கள் ஒரு நல்ல செயலியைக் காட்டினார்கள். ஒளிவருடி எடுத்த பழைய ரசீதுகளின் படங்களை மாதவாரியாகப் பிரித்து அடுக்கும் செயலி அது; நம் ஊர்க் கடைக்காரர் எவரும் விரும்பக்கூடியது. மூலநிரல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “பென்டிரைவில் இருக்கிறது சார்” என்றார்கள். என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாமா என்றதும் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செயலி அவர்களில் ஒருவருடைய கணினியில் மட்டுமே ஓடும். கோப்புறையின் முகவரியே அவருடைய பெயரோடு நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அறிக்கை அறுபது பக்கத்தில், தங்க எழுத்து பொறித்த கெட்டி அட்டையோடு, மூன்று படிகளாக மேசைமீது இருந்தது. வைவா முடிந்த மறுவாரமே அந்த நிரலுக்கு ஆயுள் முடிந்திருக்கும். பிழை அவர்களுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ அதை அவர்கள் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் லினக்ஸ், ஏன் மேசைக்கணினி, ஏன் சிறு செயலி என்று கேட்பீர்கள். லினக்ஸ் மேசைக்கணினி உலகின் பெரும்பகுதி மாணவர்களின் முயற்சிகளிலிருந்து முளைத்தது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். 1991-இல் லினக்ஸின் மையப்பகுதியான கருனியை வெளியிட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். 1996-இல் கேடிஇ என்னும் மேசைத்தளத்தை, அதாவது சாளரங்களும் பட்டியல்களும் கொண்ட கணினித்திரைச் சூழலை, உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிச் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். இவற்றைவிடப் பொருத்தமானது கிம்ப் என்னும் படத்திருத்தியின் கதை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-இல் அதைத் தொடங்கினார்கள்; 1996-இல் பொதுவில் வெளியிட்டார்கள். பொத்தான்களையும் பட்டியல்களையும் வரைவதற்கு அப்போது கிடைத்த மோட்டிஃப் என்னும் கருவித்தொகுப்பு அவர்களுக்கு ஒத்துவராததால், தமக்கென ஜிடிகே என்ற ஒன்றை எழுதிக்கொண்டார்கள். 1997-இல் தொடங்கிய க்னோம் மேசைத்தளம் அந்த ஜிடிகேயின்மீதே எழுந்தது. இன்று லட்சக்கணக்கானோர் தினமும் தொடும் சாளரங்கள் அதன் வழிவந்தவை. அவர்கள் அதை வெளியிடாமல் ஓர் ஆய்வகக் கணினியில் விட்டுச் சென்றிருந்தால் நமக்குப் படத்திருத்தியோடு ஒரு மேசைத்தளமும் போயிருக்கும்.

சிறியது என்று நான் சொல்வதன் அளவையும் விளக்கிவிடுகிறேன். க்னோம் அமைப்பு 2020-இல் தொடங்கிய க்னோம் சர்க்கிள் என்ற ஏற்பாட்டில் இடம்பெற்ற செயலிகளைப் பாருங்கள். டீகோடர் க்யூஆர் குறிகளைப் படிக்கும், உருவாக்கும். வீடியோ ட்ரிம்மர் காணொளியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொடுத்தால் நடுப்பகுதியை வெட்டித் தரும். கர்டெயில் படங்களின் கொள்ளளவைக் குறைக்கும். பிளாங்கெட் மழை, அலை, தொடர்வண்டி ஓசைகளைப் பின்னணியில் ஒலிக்கவிடும். ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் பயனர்கள் இருக்கிறார்கள். நம் கல்லூரிகளிலோ செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின், பொருள்களின் இணையம் ஆகிய மூன்றும் தலைப்பில் இருந்தால்தான் முதல் ரெவ்யூவையே தாண்ட முடிகிறது. தலைப்பின் கனம் அதிகமாக அதிகமாகப் பணி முடியாது என்பதும், முடியாத பணியை முடித்துக்கொடுக்கப் ப்ராஜெக்ட் சென்டர்கள் காத்திருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியாததா?

செலவையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டுச் செயலியை கூகுள் ப்ளேயில் வைக்க ஒருமுறை 25 டாலரும், ஆப்பிளின் கடையில் வைக்க ஆண்டுக்கு 99 டாலரும் கட்டவேண்டும். லினக்ஸ் செயலிகளுக்கான இணையக் கடையாகிய ஃபிளாட்ஹப்பில் வைக்க ஒரு பைசாவும் வேண்டாம்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் இன்னமும் அச்சகங்களிலும், சிற்றிதழ் நடத்தியவர்களின் பழைய வட்டுகளிலும், இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடாக மாற்றுவதற்கு ஒரு சிறு செயலி எழுதினேன்: கோப்பைத் திறக்கவேண்டியது, பொத்தானை அழுத்தவேண்டியது, சேமிக்கவேண்டியது. பைத்தான் நிரல்மொழியிலும் ஜிடிகேயிலும் எழுதி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதுமானதாக இருந்தது. அதை வெளியிட இரண்டு மாதங்கள் ஆயின. கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் கற்காததை அந்த இரண்டு மாதங்களில் கற்றேன் என்று சொன்னால் அது சற்றே மிகை. ஆனால் பெரிய மிகை இல்லை.

முதலில் எதிர்ப்பட்டது உரிமம். மூலநிரலைக் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவிட்டால் அது கட்டற்ற மென்பொருளாகிவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்திருக்கிறது. உரிமம் எதுவும் எழுதிவைக்காவிட்டால் உரிமை முழுவதும் எழுதியவரிடமே தங்கிவிடும், பிறர் அதை எடுத்தாள முடியாது. மாற்றி வெளியிடுவோரும் மூலநிரலைத் தந்தாக வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமமா, பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எப்படியும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிற எம்ஐடி உரிமமா என்று முடிவெடுக்க இரண்டையும் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். நான் இரவல் வாங்கிய ஒரு நிரல்தொகுப்பின் உரிமம் நான் தேர்ந்த உரிமத்தோடு பொருந்துமா என்று பார்க்கவேண்டியிருந்தது. மென்பொருள் அறம் என்ற தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாக நாம் கேட்பது இதைத்தான்.

அடுத்தது, பிறருடைய கணினியில் ஓடச் செய்வது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்கள் பல. ஒவ்வொன்றிலும் நூலகங்களின், அதாவது செயலிகள் இரவல் வாங்கும் ஆயத்த நிரல்தொகுப்புகளின், பதிப்பு வேறு. இந்தச் சிக்கலுக்கு விடையாக எழுந்த ஃபிளாட்பேக் முறையில், செயலிக்குத் தேவையான அடித்தளத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குமேல் வேண்டியவற்றைச் செயலியோடு சேர்த்துக் கட்டித் தருகிறோம். ஃபிளாட்ஹப்பில் செயலியைக் கட்டும்போது இணையத்தொடர்பு இருக்காது என்பது விதி. எந்தெந்த மூலத்திலிருந்து எதை எடுக்கிறோம் என்பதையும், எடுத்தது அதுதானா என்று சரிபார்க்கும் எண்கோவையையும் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். என் கணினியில் எப்போதோ நிறுவி மறந்துபோயிருந்த ஒரு நூலகத்தைச் செயலி சத்தமில்லாமல் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. ரசீதுச் செயலி மாணவர்களுக்கும் அவர்கள் கோப்புறை முகவரி இப்படித்தான் வெளிப்பட்டிருக்கும். அதுவும் வெளி நடுவர் ஒருவர்முன் தலைகுனிய நேராமலே.

மூன்றாவதாக நான் செய்த தவறு இன்னும் நாணத்தைத் தருகிறது. கோப்புகளைத் திறக்கவேண்டுமே என்று, பயனரின் முகப்புக் கோப்புறை முழுவதையும் அணுக என் செயலிக்கு அனுமதி கேட்டிருந்தேன். ஃபிளாட்ஹப் சார்பில் அதை ஆய்வு செய்த தன்னார்வலர், எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: இது எதற்கு? பதில் எழுத உட்கார்ந்தபோது என்னிடம் பதில் இல்லை. பயனர் தாமே தேர்ந்தெடுக்கும் கோப்பை மட்டும் செயலியிடம் ஒப்படைக்கும் போர்ட்டல் என்ற வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அனுமதியே தேவையில்லை. எழுத்துருவை மாற்றும் ஒரு சிறு கருவிக்கு ஒருவருடைய வங்கி ஆவணங்களும் குடும்பப் படங்களும் இருக்கும் கோப்புறை எதற்கு? கணினிப் பாதுகாப்பு என்ற பாடம் எனக்கு அந்த ஒற்றைக் கேள்வியிலிருந்து தொடங்கிற்று.

சின்னம், திரைப்பிடிப்புகள், விளக்கக் குறிப்பு, பதிப்பு வரலாறு ஆகியவற்றை எழுதியது பற்றி விரித்துச் சொல்லவேண்டியதில்லை. செயலியைத் தமிழில் வழங்க கெட்டெக்ஸ்ட் முறையில் சொற்களைப் பிரித்தெடுத்து மொழிபெயர்த்ததை மட்டும் குறிப்பிடுகிறேன். சொந்தத் தாய்மொழியில் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை அதுவரை நான் அறியேன்.

வெளியான மூன்றாம் வாரத்தில் கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் ஒரு கோயில் மலரின் பழைய இதழ்களை மாற்றிக்கொண்டிருந்தார். “வெள்ளம்” என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் வகரத்தின்மேல் ஔகாரம் ஏறி, அடுத்து ஒரு புள்ளி தனியே தொங்குகிறது என்பது அவர் புகார். காரணம் இதுதான். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்வார்கள்: கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. இதை நான் சரியாகவே மாற்றியிருந்தேன். ஆனால் பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகரமும் ஒரே வடிவம், ஒரே விசை. கொம்பு, மெய், ளகரம் என்று அடுத்தடுத்து வந்தால் அதை ஔகாரம் என்று என் நிரல் முடிவுகட்டியது. அதனால் “மௌனம்” பிழைத்தது, “வெள்ளம்” மூழ்கியது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமேதான் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் பெரும்பாலான பிழைகள் மறைந்தன. இந்தப் பிழையை எந்த வைவாவிலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நான் சோதித்துப் பார்த்த பத்துப் பதினைந்து வரிகளில் வெள்ளமும் இல்லை, பள்ளத்தை நோக்கிய தெள்ளிய நீரும் இல்லை.

தமிழ் மாணவர்கள் லினக்ஸ் மேசைத்தளத்துக்குச் செயலி எழுதினால் இப்படிப்பட்ட இடங்களில்தான் உலகுக்கே பயன்படுவார்கள் என்று நான் நம்புகிறேன். “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று விடை வரும், ஏனென்றால் யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெற்றவை. மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். நீளமான தலைப்பை இருபது குறிகளில் வெட்டிப் புள்ளிகள் வைக்கும் ஒரு செயலி, இதை அறியாதவர் எழுதியிருந்தால், எழுத்தின் நடுவிலேயே கத்தியை வைக்கும். அகரவரிசையும் அப்படியே: குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ஜகரம் சகரத்தை ஒட்டியும், னகரம் நகரத்தை ஒட்டியும் வந்து நிற்கும், ழகரத்துக்கு முன்னால் ளகரம் வந்துவிடும். இந்தக் குறைகளைக் கண்டு, மூலத்திட்டத்தில் புகார் எழுதி, திருத்தத்தையும் சேர்த்து அனுப்பும் ஒரு மாணவியை, பிளாக்செயினில் வாக்குப்பதிவு என்று அறுபது பக்கம் எழுதிய குழுவைவிட நான் மேலாக மதிப்பேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் என் கோரிக்கையே தீங்காக முடியலாம். வெளியீட்டைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு குழுவும் ஃபிளாட்ஹப்பில் ஒரு செயலியை வைத்தே தீரவேண்டும் என்று நீங்கள் சுற்றறிக்கை அனுப்பினால், ஆயிரக்கணக்கான அரைகுறைச் செயலிகள் ஒரே மார்ச் மாதத்தில் ஒருசில தன்னார்வலர்களின் தலையில் விழும். 2020 அக்டோபரில் நடந்ததை இத்துறையினர் மறக்கவில்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில், கட்டற்ற திட்டங்களுக்கு நான்கு மாற்றங்களை அனுப்புவோருக்கு ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதுமாகப் பயனற்ற மாற்றங்கள் பராமரிப்பாளர்களை மூழ்கடித்தன. சில நாள்களிலேயே, விரும்பி ஒப்புக்கொள்ளும் திட்டங்களுக்கு மட்டுமே என்று விதியை மாற்றவேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டுக்கே இப்படியென்றால் மதிப்பெண்ணுக்கு என்ன நடக்கும்? ஆகவே எண்ணிக்கையை ஒருபோதும் அளவுகோலாக வைக்காதீர்கள். மாணவர் தம் சொந்தக் களஞ்சியத்தில் (கிட்ஹப் போன்ற தளத்தில் நிரலை வைக்கும் இடத்தில்) உரிமத்தோடும் நிறுவும் கோப்போடும் வெளியிட்டாலே அது வெளியீடுதான். வேறு துறையின் இரு மாணவர்களும், கல்லூரி அலுவலகத்தில் ஒருவரும், அதை நிறுவிப் பயன்படுத்திக் குறை சொல்லட்டும். ஒரு பருவம் தாக்குப்பிடித்த செயலி மட்டும் ஃபிளாட்ஹப்பின் வாசலுக்குப் போகட்டும். ஏற்கெனவே இருக்கும் செயலியொன்றில் ஒரு வழுவைத் தீர்த்தவருக்கும் புதிதாக எழுதியவருக்கு இணையான மதிப்பெண் தாருங்கள். பல சமயம் அதுவே கடினமான வேலை, பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளவேண்டுமல்லவா.

பராமரிப்பு என்பது முதல் ஆண்டோடு தீர்வதில்லை. க்னோம் அடித்தளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பாக வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஓராண்டு ஆதரவு. அதற்குள் செயலியைப் புதிய அடித்தளத்துக்கு மாற்றாவிட்டால் பயனருக்கு எச்சரிக்கை தோன்றத் தொடங்கும். மாணவர்களோ படிப்பை முடித்துப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். இதற்குக் கல்லூரியைப்போல வாய்ப்பான இடம் வேறில்லை: மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முந்தைய அணியின் செயலியைக் கையேற்கலாம். கையேற்க ஆள் இல்லையென்றால், இனி பராமரிக்கப்படாது என்று முகப்பில் எழுதிக் களஞ்சியத்தைப் பூட்டிவிடுவதும் ஒழுங்கான முடிவே. அதற்கும் மதிப்பெண் உண்டு என்று விதியில் எழுதுங்கள்.

மதிப்பிடுவது எப்படி என்ற கவலை வழிகாட்டி ஆசிரியர்களுக்கு இருக்கும். பத்துக் குழுக்களைக் கட்டி மேய்ப்பவரிடம் இன்னொரு சுமையை ஏற்றுவதாக எண்ணவேண்டாம். நான்கு பேர் கொண்ட குழுவில் எழுதியவர் யார், பெயர் மட்டும் கொடுத்தவர் யார் என்பதை இன்று வைவாவில் ஊகிக்கிறோம். நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் வரலாற்றில் அது தேதியோடு இருக்கிறது. அந்த வரலாற்றையும் போலியாகத் தயாரிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். நிரலைச் சாட்பாட்டிடம் கேட்டு வாங்குவதும் இப்போது மிக எளிது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பயனரின் புகாருக்கு, மூன்று நாள் இடைவெளியில், மீண்டும் மீண்டும் கேள்வி கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிய உரையாடலை வெளியே விலைக்கு வாங்குவது கடினம். அறிக்கைக்குப் பதிலாக அந்த உரையாடலைப் படித்துப் பாருங்கள்; அறுபது பக்கத்தைவிட விரைவில் முடியும், சுவையாகவும் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு இதில் பழக்கமில்லாவிட்டால் உதவிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. காஞ்சி, விழுப்புரம், சென்னை ஆகிய ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்களில் இத்தகைய வேலையைச் செய்து பழகியவர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள் என்பது என் அனுபவம். பயணச்செலவையும் மதிய உணவையும் கொடுத்தால் போதும், சால்வை வேண்டாம்.

எல்லாக் கல்லூரிகளிலும் அடுத்த ஆண்டே இதைத் தொடங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. விருப்பமுள்ள ஒரு கல்லூரியில், ஒரு வகுப்பில், ஐந்து குழுக்களோடு ஏழாம் பருவத்தில் தொடங்கி எட்டாம் பருவத்தின் முடிவில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். அந்த ஐந்து குழுக்களுக்கும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வந்து உடனிருக்க நான் அணியமாக இருக்கிறேன். அவர்களில் எவரேனும் என் பாமினிச் செயலியையே எடுத்துக்கொள்ள விரும்பினால், கொம்பும் ளகரமும் கலந்து நான் இன்னும் தீர்க்காத வழுக்கள் சில பட்டியலில் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
சிறு செயலிகளைப் பராமரிக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்.